ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பத்துக்கு மருத்துவம்: பெங்களூரில் உதவுவோருக்கான முழுமையான வழிகாட்டி

2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்தேய், குக்கி-சோ மக்களுக்கிடையே கலவரம் வெடித்த பிறகு சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். பெரும்பாலோர் அந்த மாநிலத்து முகாம்களிலேயே தங்கிவிட்டார்கள். ஒரு பகுதியினர் இங்கே வேலைபார்க்கும் பிள்ளைகளையும் அக்கா தங்கைகளையும் நம்பிப் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, ஈஜிபுரா என்று அவர்கள் வாடகைக்கு வீடு பிடிக்கும் தெருக்கள் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்கள். அடுத்த வீட்டுக்காரர் என்ற முறையில், சர்ச், கோயில், சங்கம் வழியாக, அல்லது நர்சாகவோ மருத்துவ மாணவராகவோ அவர்களுக்கு உதவ முன்வரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறோம். மணிப்பூரை மனத்தில் வைத்து எழுதினாலும், உள்நாட்டு மோதலுக்குத் தப்பி வரும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த வரிசை பொருந்தும்.

மோதலாலும் வன்முறையாலும் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் 2024 இறுதியில் உலகெங்கும் 7.35 கோடிப் பேர். எல்லையைத் தாண்டாததால் இவர்களுக்கு அகதி அட்டை கிடையாது. 1998இல் வந்த ஐ.நா. வழிகாட்டு நெறிகளின் 19ஆவது நெறி இவர்களுடைய மருத்துவ உரிமையைச் சொல்கிறது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அதே சமயம் இவர்கள் இந்தியக் குடிமக்கள். அரசு மருத்துவமனை, ரேஷன், காப்பீடு எல்லாவற்றிலும் நமக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு. அந்த உரிமையை எடுத்துச் சொல்லிப் பெற்றுத்தர உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

காயத்தோடு பெங்களூர் வந்து சேர்பவர்கள் குறைவு. பாதியில் நின்றுபோன மாத்திரையோடு வருபவர்கள்தான் அதிகம். முகாமில் மூன்று வாரம், உறவினர் வீட்டில் ஒரு மாதம், ரயிலில் மூன்று நாள் என்று கழியும்போது டி.பி. மருந்தும் வலிப்பு மாத்திரையும் இன்சுலினும் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

முதல் நாள்: எந்த மருந்து நின்றிருக்கிறது?

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். பட்ட இழப்புக்கு முன்னால் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றாது. கேள்வியை இப்படி வையுங்கள்: ஊரில் இருந்தபோது வீட்டில் யாராவது தினமும் மாத்திரை போட்டார்களா? மாதம் ஒருமுறை ஊசி உண்டா? கடைசியாக எந்த நாள் போட்டார்கள்? இப்போது எத்தனை மிச்சம்? குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மருமகளின் மாத்திரை மாமியாருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்க்க முடியாது. மருந்து நின்றால் எவ்வளவு சீக்கிரம் ஆபத்து வரும் என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டியவர்கள்: இன்சுலின் மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள். ஓரிரு நாள் ஊசி நின்றாலே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை ஆகியவை இருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். டயாலிசிஸ் தவறியவர்கள், வலிப்பு மாத்திரை நின்றவர்கள், இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டு வந்து அது நின்றவர்கள், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்துத் திடீரென நிறுத்தியவர்கள், இன்ஹேலர் தீர்ந்த ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோரும் இந்த வரிசைதான். வலிப்பு மாத்திரை சட்டென நின்றால் முன்பு வந்த வலிப்பைவிடக் கடுமையாக, விடாமல் வரக்கூடும்.

இரண்டு நாளுக்குள் பார்க்க வேண்டியவர்கள்: டி.பி. மருந்து, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை, மனநல மருந்து, போதை மீட்புக்கான புப்ரெனார்ஃபின் ஆகியவை எடுப்பவர்கள். ஊசிவழிப் போதைப்பழக்கம் மணிப்பூரைப் பல ஆண்டுகளாக வாட்டும் பிரச்சினை. அதிலிருந்து மீண்டுகொண்டிருந்தவருக்கு மருந்து நின்றால் உடல்நோவும் தூக்கமின்மையும் வாட்டும். அவர் மறுபடி பழைய பழக்கத்துக்குப் போனால், உடம்பின் தாங்குசக்தி குறைந்திருப்பதால் பழைய அளவே உயிரைப் பறிக்கக்கூடும். கண்டிக்கும் தொனி ஒரு சொல்லில் வந்தாலும் அவர் திரும்ப வரமாட்டார்.

ஒரு வாரத்துக்குள்: ரத்த அழுத்தம், இரண்டாம் வகைச் சர்க்கரை, தைராய்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடும் வாத இதய நோயாளிகள். இதிலும் அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் திடீரென நின்றால் நெஞ்சுவலி வரலாம். அவர்களை முன்னால் தள்ளுங்கள்.

மருந்தின் பெயர் தெரியாவிட்டால் பையில் கிடக்கும் வெறும் அட்டையைத் தேடுங்கள். பின்புறம் கிழிந்து பாதி எழுத்துதான் இருந்தாலும் பெயரையும் மில்லிகிராமையும் மருந்தாளுநர் கண்டுபிடித்துவிடுவார். அதுவும் இல்லையென்றால் ஊரில் வாங்கிய மருந்துக்கடைக்கு அவர்களையே போன் செய்யச் சொல்லுங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்பதை வைத்து எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு பக்கக் குடும்பச் சீட்டு

ஒவ்வொரு மருத்துவரும் ஆரம்பத்திலிருந்து கேட்பார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா நடந்ததையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க ஒரே ஒரு தாள் போதும். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, எடை, ஒவ்வாமை, தெரிந்த நோய், மருந்தின் வேதிப்பெயர், அளவு, கடைசியாக எடுத்த நாள், மிச்சம் எத்தனை என்று எழுதுங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: "மெட்ஃபார்மின் 500 மி.கி., காலை 1, இரவு 1, கடைசியாக 12ஆம் தேதி இரவு, மிச்சம் 6." எங்கள் அனுபவத்தில் இந்த "மிச்சம்" கட்டம்தான் மிகவும் பயன்படுவது. மருந்து என்றைக்குத் தீரும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

தாளை ஜிப் கவரில் போட்டு குடும்பத்திடமே கொடுங்கள். அவர்கள் போனில் ஒரு படம் இருக்கட்டும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எந்த இனம், எந்தக் கிராமம் என்பதெல்லாம் இந்தத் தாளில் வேண்டாம். எச்.ஐ.வி. விவரமும் இதில் வரக்கூடாது. அது அந்த ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டிய தனிச் சீட்டு.

எங்கே அழைத்துப் போவது

அவசரமில்லாத எல்லாவற்றுக்கும் முதல் கதவு, வார்டில் உள்ள 'நம்ம கிளினிக்' என்ற அரசுக் கிளினிக் அல்லது நகர ஆரம்ப சுகாதார நிலையம். மருத்துவர், நர்ஸ், அடிப்படை ரத்தப் பரிசோதனை, இலவச மாத்திரை எல்லாம் அங்கேயே உண்டு. காலையிலேயே போய்விடுங்கள். குடும்பத்துக்கு இந்தி அரைகுறை, கன்னடம் சுத்தமாகத் தெரியாது. நர்சிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை சொல்ல பெங்களூர்த் தமிழரால் முடியும். பணம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி இது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 30 நாள் மாத்திரை கேளுங்கள். இருப்பு இல்லையென்றால் அதே வேதிப்பெயரில் ஜன் ஔஷதி கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அடுத்த கட்டத்துக்கு சிவாஜிநகரில் பவுரிங், கே.ஆர். மார்க்கெட் அருகே விக்டோரியா, அதன் பக்கத்திலேயே பெண்களுக்கும் பிரசவத்துக்கும் வாணி விலாஸ், மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல், குழந்தைகளுக்கு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையம், மனநலத்துக்கும் நரம்புக்கும் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ். ஆம்புலன்ஸ் 108. தகவலுக்கு 104.

அவசர நிலையில் ஆதார் இல்லை, முன்பணம் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், 1989இல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுங்கள்: உயிரைக் காப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை. அவசரச் சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமை மீறல் என்று 1996இல் மேற்கு வங்க வழக்கொன்றில் அரசு மருத்துவமனைகளைக் குறித்தும் தீர்ப்பு வந்தது. சண்டை போட வேண்டாம். மறுப்பதை எழுத்தில் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் கதவு திறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம்கள் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனத்தோடுதான் நடத்துகிறார்கள். ஆனால் ஐந்து நாள் அழுத்த மாத்திரையும் ஒரு சத்து டானிக்கும் கொடுத்துவிட்டுப் போனால் ஆறாம் நாள் யார் தருவார்? முகாம் நடத்துவதானால், கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் அடுத்த வாரமே ஒரு நிரந்தரக் கிளினிக்கில் பதிந்துவிட ஆட்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாதென்றால் அந்தப் பணத்தில் ஆட்டோ வாடகை கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்புவது மேல்.

காகிதங்கள்

வீடு எரிந்தபோது ஆதார் அட்டையும் போயிருக்கும். எண் போகாது. பதிவு செய்த மொபைல் எண் உயிரோடிருந்தால் மின் ஆதாரைப் பதிவிறக்கலாம். சிம் தொலைந்திருந்தால் முதலில் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்க முயலுங்கள். எண்ணே மறந்திருந்தால் ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்துத் தேடிக் கொடுப்பார்கள். உதவி எண் 1947. ஆனால் காகிதம் வரட்டும், பிறகு மருத்துவம் என்று நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

மணிப்பூரில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை இங்கே பட்டியலில் உள்ள மருத்துவமனைகளிலும் செல்லும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 70 வயது நிரம்பியவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பே கிடையாது. மூன்று இடத்தில் சிக்கும். ஒன்று, இது உள்நோயாளியாகச் சேரும் சிகிச்சைக்குத்தான், ஓ.பி. மருந்துக்கு உதவாது. இரண்டு, மணிப்பூர் முதல்வர் காப்பீட்டு அட்டையை இதுதான் அது என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். அது தனித் திட்டம். மூன்று, சேர்ந்த பிறகு அட்டையைக் காட்டினால் கட்டணம் ஏறியிருக்கும். சேரும்போதே, மருத்துவமனையில் இந்தத் திட்டத்துக்கு உதவும் ஆரோக்கிய மித்ரா மேசைக்குப் போய் முன் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனைக்கு அரசு மருத்துவமனையின் பரிந்துரை கேட்கக்கூடும். தகுதி பார்க்க 14555.

ரேஷனும் மருத்துவம்தான். ஒரே நாடு ஒரே ரேஷன் வழியில் ஊர் அட்டைக்கு இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்து ஆளுக்கு 5 கிலோ தானியம் வாங்கலாம்.

டி.பி.யும் எச்.ஐ.வி.யும்

டி.பி. சிகிச்சையில் இருந்தவருக்கு அரசின் டி.பி. பதிவுத் தளமான நிக்ஷயில் ஓர் எண் இருக்கும். அது தெரிந்தால் இங்குள்ள டி.பி. பிரிவில் அன்றைக்கே பதிவை மாற்றிக்கொள்ள முடியும். தெரியாவிட்டால் பழைய மொபைல் எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள். உதவி எண் 1800-11-6666. ஒரு மாதத்துக்கு மேல் மருந்து நின்றிருந்தால் பழைய மாத்திரையை அப்படியே தொடரக்கூடாது. கிருமி மருந்துக்கு மசியாமல் போயிருக்கிறதா என்று சளியை சிபிநாட் அல்லது ட்ரூநாட்டில் சோதித்த பிறகே மருத்துவர் தீர்மானிப்பார். எடையைக் கட்டாயம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோவுக்கு தினம் 3, 50 முதல் 64 கிலோவுக்கு 4. முகாமில் இளைத்துப்போனவருக்குப் பழைய அளவு பொருந்தாது. சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வங்கிக் கணக்கில் வரும். ஊர்க் கணக்கு முடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவரோடு ஒரே அறையில் தூங்கியவர்களையும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும். பத்துப் பேர் ஓர் அறையில் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எச்.ஐ.வி. பரவல் விகிதம் நாட்டிலேயே அதிகமாக உள்ள மாநிலங்களில் மணிப்பூரும் ஒன்று. ஏ.ஆர்.டி. மாத்திரை எந்த மாநிலத்து மையத்திலும் இலவசம். பவுரிங்கில் மையம் உண்டு. சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகம் இருந்தால் எடுத்துப் போகலாம். இல்லாவிட்டாலும் ஊர் மையத்தின் பெயர் போதும். இங்குள்ள மையத்தினரே அந்த மையத்தைத் தொடர்புகொண்டு, முழு மாற்றல் வரும்வரை இடைக்கால மாத்திரை தருவார்கள். தேசிய உதவி எண் 1097. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவருடைய நிலையை அவர் அனுமதியில்லாமல் சொல்லக்கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வாடகை வீடு போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. நீங்கள் மையத்தின் வாசல்வரை போனால் போதும். உள்ளே அவர் தனியாகப் போகட்டும். ஊசிவழிப் போதைப்பழக்கம் இருந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் கேளுங்கள். பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை எடுத்தால் குணமாகும், அரசுத் திட்டத்தில் இலவசம்.

குழந்தைகள்

தடுப்பூசி அட்டை இல்லையென்றால் அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் அம்மாவின் மொபைல் எண்ணால் தேடச் சொல்லுங்கள். அதிலும் இல்லையென்றால் போடாத குழந்தை என்றே கொண்டு தொடங்க வேண்டும். ஒன்றிரண்டு ஊசி கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை. போடாமல் விடுவதுதான் ஆபத்து. அட்டை இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து வேண்டாம். பி.சி.ஜி. ஒரு வயதுவரை, ரோட்டா முதல் தவணை ஒரு வயதுக்குள், பென்டா தொடங்குவதும் ஒரு வயதுக்குள், அதைத் தாண்டினால் டி.பி.டி., தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயதுவரை போடலாம்.

இடம்பெயர்ந்தோர் கூட்டத்தில் அதிகம் கொல்லும் நோய்களில் தட்டம்மையும் ஒன்று. அதனால் நெருக்கடிச் சூழலில் ஆறு மாதத்திலிருந்தே தடுப்பூசி போடச் சர்வதேச விதிமுறை உண்டு. ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் போட்டது கணக்கில் சேராது. வழக்கமான ஒன்பதாம் மாத ஊசியை மறுபடி போட வேண்டும். ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் தங்கியிருந்தால் சுகாதார அதிகாரியிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் புஜச் சுற்றளவு பாருங்கள். இடக்கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நாடாவை இறுக்கினால் தவறாகக் காட்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறை, அன்றே மருத்துவமனை. 11.5 முதல் 12.5 வரை நடுத்தரம், அங்கன்வாடியில் பதியுங்கள். அளவு சரியாக இருந்தாலும் இரண்டு பாதத்தின் மேலும் மூன்று விநாடி அழுத்தி விட்டால் குழி நிற்கிறதா பாருங்கள். நின்றால் அதுவும் கடும் ஊட்டக்குறையே.

பால்பவுடர் டின்களை நன்கொடையாகக் கொண்டுவருபவர்களைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைத்த பாட்டிலும் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கைத்தான் தரும், தாய்ப்பாலும் வற்றிவிடும். அந்தப் பணத்தில் தாய்க்குச் சாப்பாடு வாங்கித் தாருங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் குடிநீர் பாட்டிலே அளவுக்குப் போதும். பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உப்பு மிகுந்து குழந்தைக்கு இன்னும் மோசமாகும். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்டவருக்கு 100 முதல் 200 மி.லி. பாக்கெட் இல்லாத இரவில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குக் கீழே 10 மி.கி., மேலே 20 மி.கி. இரண்டாம் நாளே போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகள்

கேட்க வேண்டியவை நான்கு: எத்தனையாவது மாதம், முன்பு ஆபரேஷன் பிரசவமா, ரத்த வகை, டி.டி. ஊசி போட்டாயிற்றா. கர்நாடகத்தின் கர்ப்பிணிப் பதிவு அட்டையான தாயி கார்டை உடனே போட்டுவிடுங்கள். பிரசவ வலியோடு பதிவில்லாமல் போய் நிற்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஆரம்பம். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கான இலவசச் சிறப்புப் பரிசோதனை நடக்கும். குறைந்தது 180 இரும்புச்சத்து மாத்திரை, மூன்று மாதம் முடிந்த பின் கால்சியம். இரண்டையும் ஒரே வேளையில் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒன்று பகலில், ஒன்று இரவில் என்று பிரித்துச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம்; எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியே கிடையாது.

கடுமையான தலைவலி, கண் மங்கல், 140/90க்கு மேல் அழுத்தம், ரத்தப்போக்கு, நீர் உடைதல், குழந்தை அசைவு குறைதல்: எது வந்தாலும் 108.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள்

எல்லாப் பெண்களிடமும் இதைக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். பெண் நர்ஸ் ஒருவர், பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில், என்னென்ன உதவி எங்கே கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்லட்டும். வேண்டியவர் தானாகத் தேடி வருவார்.

மூன்று நாளுக்குள் வந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாள்வரை பயன் உண்டு. பல மாதம் கழித்து வந்தாலும் செய்யக்கூடியது நிறைய: எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, மனநல உதவி. 2021 திருத்தத்துக்குப் பின் இவர்களுக்கு 24 வாரம்வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடமளிக்கிறது. அரசு அறிவிக்கும் நெருக்கடிச் சூழலில் உள்ள பெண்களையும் அந்த விதி தனியே குறிப்பிடுகிறது.

எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆவது பிரிவு. சிகிச்சைக்குப் போலீஸ் புகார் நிபந்தனை இல்லை. ஆனால் போலீசுக்குத் தகவல் தரும் கடமை மருத்துவமனைக்கு உண்டு. அதை அவரிடம் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். புகார் கொடுக்க விரும்பினால் சம்பவம் மணிப்பூரில் நடந்திருந்தாலும் பெங்களூர் நிலையத்திலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். பெண்கள் உதவி எண் 181.

பல குடும்பங்கள் ஒரே மண்டபத்தில் தங்கினால்

மனிதநேய உதவிகளுக்கான ஸ்பியர் அளவுகள்: ஆளுக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம். நாற்பது பேர் என்றால் 600 லிட்டர், இரண்டு கழிப்பறை, 140 சதுர மீட்டர். ஒரு 6,000 லிட்டர் டேங்கர் பத்து நாள் வரும். தொட்டியில் குளோரின் போட்டு, குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. மீதம் இருக்கிறதா என்று சோதனைக் கிட்டில் பாருங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உள்தாழ்ப்பாள், இரவு விளக்கு மூன்றும் கட்டாயம். 2009இல் இலங்கையின் வவுனியா மெனிக் பாம் முகாமில் லட்சக்கணக்கான நம் மக்களை அடைத்து வைத்தபோது சின்னம்மையும் மஞ்சள்காமாலையும் பரவியது நெரிசலாலும் தண்ணீராலும்தான்.

சிரங்கு வந்தால் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் ஒரே இரவில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்விரல் இடுக்குவரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இரவில் கை கழுவினால் கையில் மட்டும் மறுபடி பூச வேண்டும். துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் மூடி வைக்கலாம். ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் மறுமுறை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள். மருந்து சரியாகப் போட்டும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் பூசினால் தோல் புண்ணாகும்.

காய்ச்சலோடு வருபவர் சமீபத்தில் மலைக்காட்டிலோ வயலிலோ ஒளிந்திருந்தாரா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பெங்களூரில் முதலில் டெங்குவையும் டைஃபாய்டையும்தான் நினைப்பார்கள். மலேரியாவும் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸும் விட்டுப்போகும். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் டாக்சிசைக்ளினில் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

மனம்

தூக்கமின்மை, சத்தத்துக்குத் திடுக்கிடல், குழந்தை படுக்கையை நனைத்தல் எல்லாம் முதல் வாரங்களில் எதிர்பார்க்கக்கூடியவை. மோதல் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்படியானால் மற்ற நால்வருக்கு வேண்டியது பாதுகாப்பான இடம், தூக்கம், வேலை, உறவினரோடு போன் பேச ரீசார்ஜ். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது உதவாது, கெடுதலும் செய்யக்கூடும். அவராகப் பேசினால் கேளுங்கள்.

சாப்பிடாமலும் குளிக்காமலும் பல நாள் இருப்பவர், இல்லாத குரல் கேட்பவர், குழந்தையைக் கவனிக்க முடியாத தாய், சாவைப் பற்றிப் பேசுபவர் ஆகியோரைத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இரவும் பகலும். எந்த மொழியில் ஆலோசகர் கிடைப்பார் என்று கேட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடையில் அல்பிரசோலம் வாங்கிக் கொடுத்துத் தூங்கவைப்பது பழக்கமாகிவிடும் வழி.

யார் மொழிபெயர்ப்பது

மெய்தேய் மொழி வேறு, தாடோ, பைதே, மார் போன்ற குக்கி-சோ மக்களின் மொழிகள் வேறு. மோதல் நடந்தது இவர்களுக்கு இடையில். மறுபக்கத்து ஆள் மொழிபெயர்த்தால் நோயாளி வாயைத் திறக்கமாட்டார், திறந்தாலும் உண்மை வராது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, யார் வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளைகளை வைத்து அம்மாவின் நோயை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மியான்மர் எல்லையில் உள்ள மோரே ஊரில் 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறினார்கள். அங்கிருந்து வந்த தமிழ்க் குடும்பம் உங்கள் பகுதியில் இருந்தால் மொழி உதவி கேட்கலாம். அவர்களும் அடிபட்டு வந்தவர்கள் என்பதை மறவாமல் கேளுங்கள்.

இரு தரப்பினரும் வரும் கிளினிக் என்றால் பெயரையும் ஊரையும் உரக்கக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணால் கூப்பிடச் சொல்லுங்கள். போட்டோ வேண்டவே வேண்டாம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இதே ஊரைவிட்டு ஓடிய தமிழ்க் குடும்பங்களுக்கு, எந்த மொழி பேசுகிறோம் என்று பிறர் காதில் விழுவதே எவ்வளவு பயம் தரும் என்று தெரியும்.

குடும்பம் மறுபடி இடம் மாறும்போது

வாடகை கட்ட முடியாமல் ஓசூருக்கோ, வேலை தேடிச் சென்னைக்கோ, நிலைமை தணிந்தால் ஊருக்கோ அவர்கள் போவார்கள். மருந்து மறுபடி நிற்பது இந்த இடத்தில்தான். போவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடும்படி முதல் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 30 நாள் மாத்திரை கையில் இருக்க வேண்டும். குடும்பச் சீட்டைப் புதிதாக எழுதித் தாருங்கள். டி.பி.க்கு நிக்ஷய் மாற்றலும், ஏ.ஆர்.டி.க்கு மையத்தின் மாற்றல் கடிதமும், குழந்தைக்கு யூ-வின் பதிவும், கர்ப்பிணிக்குத் தாயி கார்டும் டிஸ்சார்ஜ் தாள்களும் ஒரே கவரில் சேரட்டும். இன்சுலின் எடுத்துச் செல்பவர் அதை ரயில் பெட்டியில் மேலே வைக்கும் பையில் வைக்காமல் ஈரத்துணி சுற்றிய சிறு டப்பாவில் கையோடு வைத்துக்கொள்ளட்டும். ஐஸில் நேரடியாகப் படக்கூடாது, உறைந்த இன்சுலின் வீண். திறந்த குப்பி 28 நாள்வரை வெளியில் தாங்கும். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். பத்து நாள் கழித்து ஒரு போன் செய்து, புதிய இடத்தில் அடுத்த மாத மாத்திரை எங்கே வாங்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முகவரியைத் தேடி அனுப்புங்கள்.